கதவைப் பார்த்து நில்

பன்னிரண்டு வாட்.
பத்து அங்குல ஒலிபெருக்கி, ஒன்றே ஒன்று.
ஹாம்ட்ராம்க்கில் ஒரு சமையலறைக்கு
இதுவே அதிகம் என்பது
கீழ்வீட்டு வொய்தெக்கின் கருத்து.
துடைப்பக் கட்டையால் சொல்வார்.
அவர் கூரையில், என் தரையில்
மூன்று தட்டு.

பிப்ரவரி.
ஜன்னலின் உள்பக்கமும் பனி.
மேசைமேல் முட்டை அட்டை,
அதில் வால்வுகள்.

12ஏஎக்ஸ்7 ஆம்ப்போடு வந்தது.
அவசரக்காரன்.
விரல் கம்பியைத் தொட நினைத்தாலே
கேட்டுவிட்டது, கேட்டுவிட்டது என்று கத்துவான்.
பொத்தான் மூன்றைத் தாண்டினால் போதும்,
தடிக்கம்பியின் ஈ
ஈரச் சாக்கைச் சிமெண்டில் இழுத்த மாதிரி
கிழியும்.
கிட்டார்காரர்களுக்கு அந்தக் கிழிசல்தான் சோறு.
எனக்கு வேண்டியது
சாய்ந்துகொள்ள ஒரு சுவர்.

12ஏஒய்7.
அவன் பேச்சில் பாதிதான் பேசும்.
ஆறு வரை திருப்பினாலும்
அடிநாதம் உடையாது என்றார்கள்.
12ஏயு7 அதைவிடக் கஞ்சன்,
ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு
கணக்கு எழுதிக்கொள்ளும்.

பின்வரிசை இரண்டு 6வி6-ஐத் தொடவில்லை.
போன வருடம் அங்கே
பெரிய ஜோடி ஒன்றைச் செருகி
மின்மாற்றி வெந்த வாசம்
திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது.

ஓரெத்தா வந்தாள்,
பூட்ஸில் உப்பும் சேறுமாய்.
எங்கள் மூவர் குழுவில் டிரம்ஸ்.
பகலில் ஆய்வகத்தில் ரத்தம் பிரிப்பவள்.
நான் வர்ணித்ததையெல்லாம் கேட்டாள்:
பாகு, பித்தளை, புகை, வெல்வெட்.
"கதவைப் பார்த்து நில்" என்றாள்.
அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

எட்டுச் சுற்று.
என் முதுகுக்குப் பின்னால்
பிடுங்கும் சத்தம், செருகும் சத்தம்,
சூடேறக் காத்திருக்கும் அரை நிமிடம்.
பிறகு நான் வாசிப்பேன்,
தீர்ப்புச் சொல்வேன்.
ஐந்தாம் சுற்றில் ஒரு ரீங்காரம்.
"இது அவசரக்காரன், சத்தியம்" என்றேன்.
அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த சல்லடையை எடுத்தாள்.
ரீங்காரம் நின்றது.

எட்டில் ஐந்து சரி.
காசைச் சுண்டியிருந்தால் நாலு வந்திருக்கும்.
இரண்டு முறை அவள் எதையும் மாற்றவில்லை,
அதையே பிடுங்கி அதையே செருகினாளாம்.
அதில் ஒன்றைத்தான் நான்
வெல்வெட் என்று சொன்னது.

இரண்டாயிரம் இரவுகள் வாசித்த ஆள்
மின்கட்டண உறையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு
நின்றேன்.
அதில் அவள் இன்னொரு வரிசையும் எழுதியிருந்தாள்.
என்னைக் கேட்கவில்லை அவள்,
என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவசரக்காரன் உள்ளே இருந்தபோதெல்லாம்
கை பாலத்துப் பக்கம் ஒதுங்கி
நுனிவிரலால்
தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிற நடை.
மற்றது இருந்தால்
கழுத்தோரம் நகர்ந்து
கட்டைவிரல் கம்பியைத் தோண்டும்,
ஒவ்வொரு அடியிலும் கார்வை
அரைக்கணம் முழங்கால் மடித்து எழும்.
எனக்குத் தெரியாமல்.
எந்த வால்வு என்று
அந்தக் கை ஏழு முறை சரியாகச் சொல்லியிருந்தது.
எட்டாவதில்
ஓரெத்தா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு
அட்டையில் அடுக்கப் போனால்
கையுறையின் பழைய எண்ணெயில்
இரண்டு கண்ணாடியிலும் எண் அழிந்திருந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மூச்சு விட்டுப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

ஒன்றை எடுத்துச் செருகினேன்.
ஆரஞ்சுப் பொட்டு மெல்லச் சிவந்தது.
பழக்கத்தில் கதவைப் பார்த்து நின்று
ஈ வாசித்தேன். மறுபடி ஈ.
பிறகு மெதுவாகக் குனிந்து பார்த்தேன்,
கை எங்கே போயிருக்கிறதென்று.

கீழிருந்து ஒரு தட்டு.
மற்ற இரண்டுக்குக் காத்திருந்தேன்.