உள்ளூர் விலை

கடலைப் பார்த்த ஹோட்டல்களில் எங்களுக்கு வேலை இருந்தது.
குடிக்க வந்தது இங்கே.
மனாமாவில், குதைபியாச் சந்துக்குள்,
மீன்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே
நான்கு மாடி ஹோட்டல் ஷம்லான்.
ஜன்னலைத் திறந்தால்
பக்கத்துக் கட்டடத்து ஏசிகளின் முதுகு.

பாலம் திறந்த வருஷம்
மெனு அட்டையில் இரண்டு விலை வந்தது.
கார் ஓட்டி அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று,
உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று.
உள்ளூர்க்காரர் என்றால் நாங்கள்தான்:
கொல்லம், சிட்டகாங், செபு, ஸ்ரீவைகுண்டம்.
வேறெந்தக் காகிதமும் எங்களை அப்படிச் சொன்னதில்லை.

வியாழன் இரவு தம்போலா.
எண் கூப்பிடுவது நான்,
பகலில் கணக்கு எழுதுகிறவன்.
காசு வைத்து ஆடினால் குற்றம்.
ஆகவே சீட்டு இலவசம்,
சீட்டோடு வரும் மீன் வறுவல் இரண்டு தினார்.
தின்னாமல் தட்டில் கிடந்த மீனை
எவரிஸ்டோ, டிரம்ஸ் வாசிப்பவன்,
பொட்டலம் கட்டிக்கொண்டு போவான்.

குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஒரு தடவை விமான டிக்கெட்.
தொண்ணூற்று நான்கில் கார்.
வெள்ளை லான்சர், நெற்றியில் சிவப்பு ரிப்பன்.

விழுந்தது தவசிமுத்துவுக்கு.
சாரம் கட்டுகிறவர். லைசென்ஸ் கிடையாது.
முகாமில் அவருக்கென்று இருந்தது
மேல்கட்டில் ஒன்று.
கார் எங்கள் வாசலிலேயே நின்றது, ஏழு மாதம்.
வெள்ளிக்கிழமைகளில் வருவார்.
செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு
ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருவார்.
ஏசி போடமாட்டார், பெட்ரோல் தீரும்.
ஒருநாள் ஹாரனை அழுத்திவிட்டு
தானே பதறி இறங்கினார்.

பிறகு விற்றார். வாங்கியது ஹோட்டல்தான்,
பாதி விலைக்கு. வவுச்சர் என் கையெழுத்து.
கழுவி, அதே ரிப்பனை இஸ்திரி போட்டுக் கட்டி
ஜனவரியில் மறுபடி நிறுத்தினோம்.
மூன்று பேர் ஜெயித்த கார் அது.
மீட்டரில் நாற்பத்தொரு கிலோமீட்டர்.

முதலாளி மாறினார். பெயர்ப்பலகை மாறியது,
பழைய எழுத்துகளின் நிழல் சுவரில் இருக்க
புதிய எழுத்துகள் அதன்மேல் எரிந்தன.
கடைசியாக இடிக்க வந்தபோது
மேனேஜர் சிரியாக் தம்போலாப் பையை என்னிடம் கொடுத்தார்,
ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று.

தொண்ணூறு கட்டை இருக்கவேண்டும்.
எண்பத்தொன்பது.
அறுபத்திரண்டு இல்லை.
மேடைப் பலகைக்கு அடியில் உருண்டது, நான் பார்த்தேன்,
கடைசிக் காருக்கு ஆறு வருஷம் முன்னால்.

அறுபத்திரண்டு உள்ள சீட்டோடு
பேனா மூடியைக் கடித்தபடி
எத்தனை வியாழன் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
ஒரே ஒரு எண்ணுக்காக
என் வாயைப் பார்த்துக்கொண்டு.