ஏழாம் தொட்டியின் பச்சை

புகைபோக்கியின் தொண்டையில் பிடித்த தூசு
மூட்டை மூட்டையாய் வருகிறது.
சாம்பல் நிறம், சலித்த மாவின் மிருது.
செம்பு கொஞ்சம், ஈயம் கொஞ்சம்,
மீதியில் பெரும்பங்கு பாஷாணம்.
மூட்டை பிரிக்கும் அறைக்குள்
காற்று போகலாம்,
வெளியே வர அனுமதியில்லை.

கலாமாவிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடம்.
நயாரெத் கோல்கேக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட்.
கோல்கே என்றால் அய்மாராவில் வெள்ளி.
வெள்ளியை அவள் தொட்டது
பத்து வருடம் முடிந்ததற்குத் தந்த
பேனாவின் மூடியில் மட்டும்.
அதுவும் முலாம்.

அமிலம் தூசைக் கரைக்கும்.
பெராக்சைடு அதன் குணத்தை மாற்றும்.
பிறகு இரும்பு வந்து
தொண்ணூறு டிகிரிச் சூட்டில்
பாஷாணத்தைக் கைப்பிடிக்கும்.
எட்டு மணி நேரம் விடாமல் கலக்கினால்
படிகமாய் இறுகி அடியில் உட்காரும்
பச்சை,
எந்த ஆடும் மேயாத பச்சை.

செவ்வாய்க்கிழமை ஒவாந்தோ
ஐந்தரை மணி நேரத்திலேயே வால்வைத் திறந்துவிட்டான்.
'பச்சையாகத்தானே இருக்கு!'
வாசலில் மூட்டைகள் வரிசை கட்டி நின்றன.
ஆக்கப் பொறுத்த ஆலை
ஆறப் பொறுக்கவில்லை.

அந்தப் பச்சையில் ஒரு கரண்டி அள்ளி
நீர்ப்புட்டியில் போட்டு
பதினெட்டு மணி நேரம் சக்கரத்தில் சுழற்றினாள்.
நீரில் இறங்கியது லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம்.
புதைக்கலாம் என்பதற்கு ஐந்து.
குடிக்கலாம் என்பது இந்தக் கணக்கிலேயே இல்லை.

'மூன்று நல்ல தொகுதிகளோடு கலந்தால்
சராசரி மூன்றுதானே வரும்'
என்றார் மேற்பார்வையாளர் இபகாச்சே,
பதமாக,
கணக்கில் பிழையே இல்லாமல்.

அவள் பதில் சொல்லவில்லை.
பேனா மூடியைப் பல்லால் கழற்றப் போய்
எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து
கையால் கழற்றி எழுதினாள்:
தொகுதி 212. திரும்ப ஏழாம் தொட்டிக்கு.
பம்ப் இருமி இருமி ஓடத் தொடங்கியது.

விடிந்தபோது முதல் பஸ் போயிருந்தது.
குளித்தாள். நகக்கண்ணைத் தேய்த்தாள்.
மறுபடி குளித்தாள்.
காலணி வீட்டுக்குப் போகாது, லாக்கரில் தூங்கும்.
தன் பெயர் ஒட்டிய சிறுநீர்க் குப்பியை
ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள்.

நிறுத்தத்தில் ஒவாந்தோ.
அவனும் பஸ்ஸை விட்டிருந்தான், அல்லது விடவில்லையோ.
ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினான்.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்:
'இப்போ எவ்வளவு இருக்கும்?'

'தெரியாது.
இன்னும் பதினெட்டு மணி நேரம் சுத்தணும்.'