முடிச்சு போடாத தையல்

கதவோரம் நீலப் பை.
செருப்பு, பல்துலக்கி, இரத்தப் பரிசோதனைத் தாள்கள்,
போன் சார்ஜர், ஓர் ஆப்பிள்.
ஆப்பிளை மட்டும் வாரம் ஒருமுறை மாற்றுவேன்.
பெட்டிக்குள் வெள்ளை மூட்டை.
நீளச் சட்டை, தலைத்துணி, இடைக்கச்சை,
தோலில் பின்னிய ஜெபமாலை.
எது முதலில் என்று தெரியாது.
இரண்டையும் நானேதான் கட்டினேன்.

வெள்ளைச் சட்டையைத் தைக்கும்போது
நூலில் முடிச்சு விழக்கூடாது.
ஊசி முன்னே மட்டும் போகவேண்டும்.
பெய்ப்சி ஏரிக்கரையில் எங்கள் பெண்கள்
வெங்காயம் நடுவதற்கும் மீன் புகைப்பதற்கும் இடையில்
தங்கள் சவச்சட்டையைத் தைத்து வைத்துவிடுவார்கள்,
பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளாமல்.

நீலப் பைக்குத்தான் விதிகள் அதிகம்.
போன் அணையக்கூடாது. சளி பிடிக்கக்கூடாது.
தார்த்து மருத்துவமனை ஒரு மணி நேரத் தூரம்,
பனி கொட்டினால் இரண்டு.
கார் டாங்க் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.
மூன்று குளிர்காலமாக நிறைந்தே இருக்கிறது.

"இன்னொருத்தர் சிறுநீரகத்தோடு
எப்படி உயிர்த்தெழுவாய், ஃபெவ்ரோனியா?"
ஜெப வீட்டு வாசலில் எவ்லாம்பியா கேட்டாள்.
"அன்றைக்கு நானும் அவரும்
பேசித் தீர்த்துக்கொள்கிறோம்" என்றேன்.
அவள் சிரித்தாள்.
அந்த அவர் இப்போது எங்கோ
வரிசையில் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்.
சீக்கிரம் ஆண்டவரே என்று கேட்டால்
எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும்.
அந்த ஒரு ஜெபத்தை மட்டும்
இன்றுவரை வாயில் எடுத்ததில்லை.

பிப்ரவரி. இரவு பதினொன்று.
ஸினோவி கதவை இடித்தான்.
மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது,
ஆம்புலன்ஸ் வேறெங்கோ விபத்துக்குப் போயிருக்கிறது,
அவன் வண்டி உறைந்து கிடக்கிறது.

சாவி ஆணியில் தொங்கியது.

புத்தியுள்ள ஐந்து கன்னிகைகள்
எண்ணெய் கொடுக்கவில்லை.
போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.
மணவாளன் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை.
சிறுவயதிலிருந்தே எனக்கு அந்தப் பெண்களைப் பிடிக்காது.
அன்றிரவுதான் புரிந்தது,
அவர்கள் விரல்கள் குடுவையை எப்படிப் பிடித்திருக்கும் என்று.

எவ்வளவு நேரம் நின்றேனோ.
ஸினோவியின் தாடிப் பனி உருகி
மிதியடியில் சொட்டத் தொடங்கியிருந்தது.
கொடுத்தேன்.
நல்ல மனதோடு என்று சொல்லமாட்டேன்.

அழைப்பு வரவில்லை என்று முடித்தால் அழகாயிருக்கும்.
வந்தது. மூன்று நாற்பதுக்கு.

லெயோன்தியின் மீன் வேனில் போனேன்.
மடியில் நீலப் பை, முதுகுக்குப் பின்னால் புகைமீன் பெட்டிகள்.
அவன் வழியெல்லாம் பேசினான்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்பே ஒருவரை வரவழைத்திருந்தார்கள்,
நார்வாவிலிருந்து.
"பொருத்தம் அவருக்குத்தான்" என்றார் மருத்துவர்.
இரத்தத்தின் பொருத்தமா, நேரத்தின் பொருத்தமா?
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
கையில் பை இல்லை, மாற்றுத்துணி இல்லை,
இடது காலுறையில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை.
ஒன்றுமே கட்டிவைக்காமல் வந்திருந்தார்.

சாயங்காலம் கார் திரும்பியது.
டாங்கில் கால்வாசி.
பின்சீட்டில் ஈரம், ஒரு வெங்காயச் சரம்.
பெண் குழந்தை, மூன்றரைக் கிலோ என்றான் ஸினோவி.
நான் எங்கே போய் வந்தேன் என்று
லெயோன்தி அவனிடம் சொல்லியிருக்கவேண்டும்;
என் முகத்தைப் பார்க்காமலே சாவியை ஆணியில் மாட்டினான்.
"டீ குடிக்கிறாயா?" என்றேன்.
இரண்டு கோப்பை குடித்தான்.

பிறகு முஸ்த்வே வரை போய் டாங்கை நிரப்பினேன்.
ஆப்பிளை மாற்றினேன்.
வெள்ளை மூட்டையை அவிழ்த்தேன்.
இடைக்கச்சையின் ஓரம் ஒரு சாண்
தைக்காமல் விட்டிருந்தது.
ஊசியில் நூல் கோத்ததும்
பழக்கத்தில் விரல் முடிச்சைச் சுருட்டிவிட்டது.
பிரித்தெடுத்து நூலை நீவினேன்.
மேஜையில் போன்,
திரை மேலே பார்த்தபடி.