மூன்றாம் கேட், காலை ஆறு முதல் எட்டு

ஆகஸ்ட் பதினான்கு, இரவு.
சோஹார் துறைமுகச் சாலையில்
ஏசி சொட்டும் அறையில் உட்கார்ந்து
நாளைய டியூட்டிச் சீட்டு எழுதுகிறேன்.
பதினொரு காவலர். ஒன்பது பேர் பழைய பட்டாளம்.
ஒன்பது பேருக்கும் காலையில் இரண்டு மணி நேரம் வேண்டுமாம்.
இந்தியப் பள்ளிக்கூட மைதானத்தில் கொடி.

கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும்.
ஒருவரும் கெஞ்சவில்லை.
வரிசையாக வந்து நின்றார்கள்.
எத்திராஜுலு மட்டும் பேசினார்:
"பர்மிஷன் தந்தா போறோம் சார்.
தரலைன்னா கேட்டுலயே நின்னு
சல்யூட் அடிச்சுக்கறோம்."

சார் என்கிறார் என்னை.
திருச்சி ஆள்சேர்ப்பு மைதானத்தில்
ஒன்றரை சென்டிமீட்டர் போதாமல்
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவன் நான்.
அன்று ஊர் திரும்பிய பஸ்ஸில்
ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.
நின்றால் வளர்ந்துவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ.

அருள்தாஸுக்கு வலது காலில் மூன்று விரல்தான்.
மீதி இரண்டும் ஏதோ ஒரு பனிமலையில் இருக்கின்றன.
எந்த மலை, சொல்ல மாட்டார்.
நாற்பத்தாறு டிகிரியில் தார் இளகும் மதியத்தில்
ஷூவைக் கழற்றி
இல்லாத அந்த இடத்துக்குப் பக்கத்தில் தேய்த்துக்கொள்வார்.
"இங்க மட்டும் சில்லுனு இருக்கு சார்."

காவலர் உட்காரக் கூடாது, கம்பெனி விதி.
மூன்றாம் கேட்டில் ஒரு நாற்காலி உண்டு.
ஸ்டோர் கணக்கில் அது போன வருஷமே உடைந்துவிட்டது.
உடைத்தவன் நான், பேனாவால்.
மாதம் முழுக்க அந்தக் கேட்டில் அருள்தாஸ் பெயர்தான்.
தேசத்துக்கென்று நான் செய்தது
இதுவரை இவ்வளவே.

ஒன்று, இரண்டு: நேபாளத்துப் பையன்கள்.
கேட்டு முடிக்குமுன் தலையாட்டினார்கள்.
மூன்று:
என் பெயரை நானே எழுதிப் பார்த்தேன்.
கோணலாக வந்தது.

விடிந்ததும் வேன் வந்தது.
தைல டப்பாவுக்குள் கிடந்த மெடல்கள்
ஒன்பது நெஞ்சிலும் குத்தியிருந்தன.
ரிப்பன்கள் வெளுக்கவில்லை.
இந்த வெயிலைப் பார்த்தால்தானே.
எத்திராஜுலு தன் தொப்பியை எனக்கு வைத்தார்.
காது வரை இறங்கியது.

ஆறு ஐம்பதுக்குக் குல் ஜமானின் சிமெண்ட் லாரி.
"அருள்தாஸ் எங்கே?"
"கொடியேற்றம்."
"ஆமாம். எங்களுடையது நேற்று."
நேற்று லீவு கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன்,
டயர்களைப் பார்த்தேன், கேட்கவில்லை.
சக்வால்காரர். அந்தப் பக்கத்துப் பட்டாளத்தில் பதினெட்டு வருஷம்.
எந்த மலை என்று இவரும் சொன்னதில்லை.
பதிவேட்டில் கையெழுத்துப் போட இறங்கியபோது
இடது காலை மட்டும்
பிறத்தியார் சாமானைப் போல மெல்லத் தரையில் வைத்தார்.

போகும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து
ஒரு பொட்டலம்.
"அவனுக்கு. கால் குளிருது என்றானே."
பிரித்தேன்.
கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி.
ஆகஸ்டில். சோஹாரில்.
'உள்ளே வந்த பொருள்' என்று பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
அடுத்த லாரிக்குக் கம்பியைத் தூக்கினேன்.

எட்டுக்கு வேன் திரும்பியது.
டிஷ்யூ தாளில் நசுங்கிய லட்டு எனக்கு.
எத்திராஜுலு தொப்பியைக் கேட்டு வாங்கினார்,
நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உக்காரவே இல்லியா சார்?"
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அருள்தாஸ் பொட்டலத்தைப் பிரித்தார்.
யார் தந்தது என்று கேட்கவில்லை.
ஒரு காலுறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மற்றதை மடித்து என்னிடம் நீட்டினார்.
"இத அவருகிட்டயே குடுத்துடுங்க.
அவருக்கு இடது."

மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
டியூட்டிச் சீட்டுகளுக்கு மேலே.
அடுத்த சிமெண்ட் லோடு வியாழக்கிழமை.