நாற்பது நொடி

காலை நாலே முக்கால். மைக்கின் முன்னால்
நானும் காப்பியும் ஆறிக்கொண்டிருக்கிறோம்.
வடக்கு வாசல் சாலையில் ஓரடிப் பனி.
முகாம் பள்ளிக்கூடம் இரண்டு மணி நேரம் தாமதம்.
மதியம் மெஸ்ஸில் மீன் வறுவல்.
எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.
சிரிப்பு காதில் விழுமாம்,
பயிற்சியில் சொன்னார்கள்.

நேற்று எங்கள் விமானமொன்று
எரிபொருள் தொட்டியை ஏரியில் கழற்றிவிட்டது.
நான் எழுதியது நாற்பது நொடி.
மேஜர் ப்ரூவிட் திருத்திக் கொடுத்தது ஒன்பது.
ஏரி போயிற்று. எண்ணெய் போயிற்று.
'நிகழ்வு' என்றொரு சொல் உள்ளே வந்து
ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டது.

வாசித்தேன். சிரிக்காமல் வாசித்தேன்,
அவ்வளவுதான் என் வீரம்.
மிச்ச முப்பத்தொரு நொடிக்கு
சீட் பெல்ட் அறிவிப்பு.

மாலையில், வேலிக்கு அந்தப் பக்கம், நூடுல்ஸ் கடை.
ததேயாமா அம்மாள் கொண்டுவந்த சூப்பில்
ஏரிச் சிப்பி இல்லை.
என் ஜப்பானிய மொழி வானிலை வரைக்கும்தான்.
"சிப்பி?" என்றேன்.
ரப்பர் பூட்ஸோடு மூலையில் இருந்த தம்பியைக்
கண்ணால் காட்டினார்.
அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியில் ஏரி.
கரையில் ஒரு செய்தியாளர், சின்னப் பெண்,
கையுறை இல்லாமல், மூக்கு சிவந்து
என் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
சொற்கள் புரியவில்லை. ஆனாலும் அவை என்னுடையவைதான்,
வெட்டுப்பட்ட அதே வரிசையில்.
அவளுக்கு முழுசாய் மூன்று நிமிடம்.

தம்பி சத்தத்தைக் கூட்டினார்.

சில்லறையைத் தட்டில் வைத்துவிட்டு
நாளைக்கும் பனி உண்டா என்று
மெதுவாக, எனக்குப் புரியும்படி, கேட்டார் ததேயாமா அம்மாள்.
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.