மழைப்படி

இரவு ஒன்று பத்துக்குச் 'சம்பளம்' எழுந்துகொள்ளும்.
எழுந்ததும் 'எஸ்டேட்'டை எழுப்பும்.
எஸ்டேட், 'ஆள்' என்பதை
இருநூற்றுப் பதினான்கு முறை எழுப்பும்.
ஐந்து ரோட்டில், மூன்றாம் மாடியில்
இவர்கள் எழுந்தார்களா என்று பார்ப்பதற்கு
எனக்கொரு சம்பளம்.

ஜன்னலுக்கு வெளியே ஈரடுக்குப் பாலம்.
மேலே போகும் லாரி
கீழே போகும் லாரியை அறியாது.

கார்த்திகை. ஏற்காட்டில் நான்கு நாளாய் மழை.
நனைந்துகொண்டே காப்பிப்பழம் பறித்தால்
நாளொன்றுக்கு முப்பத்தெட்டு ரூபாய் கூடுதல்.
சாயங்காலமே மேலடுக்கில் எழுதிவைத்துவிட்டேன்:
மழை = 38.

இரண்டு நாற்பதுக்கு எல்லா வரியும் பச்சை.
பச்சை என்றால் முடிந்தது,
சரி என்று அர்த்தமில்லை.
இதைக் கற்றுக்கொள்ள எனக்கு
இரண்டு வருடமும் ஒரு மெமோவும் ஆயின.

முதல் ஆளைத் திறந்தேன்.
வெள்ளச்சி, பிளாக் ஏழு, நாற்பத்தாறு கிலோ,
மழை:
அவ்வளவுதான்.
சுழியம்கூட இல்லை.
சுழியம் என்றால் யாரோ எண்ணிப் பார்த்து
இல்லையென்று சொன்னது.
இது யாருமே சொல்லாதது.

மலையில் மழை, சேலத்தில் புழுக்கம்,
அதில் அதிசயமில்லை.
ஒரே ஓட்டத்துக்குள்
மேலடுக்கில் கொட்டுவதும்
கீழடுக்கு காய்ந்து கிடப்பதும் எப்படி?

பள்ளியில் 'மாறி' என்று படித்தோம்,
வல்லின றகரம் போட்டு.
இடையினம் போட்டால் மழை.
நான் ஒருமுறை தப்பாக எழுதி
அரை மதிப்பெண் போனது.
இன்றைக்கு அது தப்பில்லை.

நடு அடுக்கைத் திறந்தேன். குணசீலன் எழுதியது.
ஓசூர் போய் இரண்டு வருடமாகிறது அவர்.
தேதியைக் கொடு, பிளாக்கைக் கொடு, கிலோவைக் கொடு என்று
மூன்று வரி, கோடு போட்டதுபோல.
மழையைக் கொடு என்று இல்லை.
சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள்.
இந்தப் பூசாரியிடம் பொல்லாப்பு ஏதுமில்லை,
வரம் வந்ததே அவனுக்குத் தெரியாது.
அவர் எழுதிய வருடத்தில் மழைப்படி என்று ஒன்று கிடையாது.
மழை மட்டும்தான் இருந்தது.

நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன்.
மறுபடி ஓடியது.
வெள்ளச்சிக்கு முப்பத்தெட்டு வந்தது,
ஆனால் மேலே மொத்தத்தில் ஒரு ரூபாய் ஏறவில்லை.

கீழே இறங்குவது நகல்தான்.
பிள்ளை அதில் கூட்டலாம், பெருக்கலாம்,
தாயின் கையிலிருப்பது அப்படியே இருக்கும்.
போகும்போது வைத்துவிட்டுப் போ என்று
ஒவ்வொன்றிடமும் சொல்லவேண்டும்.
சொல்லாவிட்டால் கணக்கிட்டதை உள்ளங்கையில் மூடிக்கொண்டே
அணைந்துவிடும்.
சொன்னேன். ஒவ்வொரு அடுக்கிலும், தனித்தனியாக,
கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிப்பதுபோல.

நாலே கால்.
மொத்த மழை: 32,338.
என் கைக்கணக்கில் 32,528.
நூற்றுத் தொண்ணூறு குறைகிறது.
வயிற்றில் ஏதோ புரண்டது.
ஆறு மணிக்கு இது வங்கிக்குப் போகவேண்டும்.

ஒவ்வொரு ஆளாகத் திறந்தேன்.
எந்த வரியும் வெறுமையாக இல்லை, எல்லாம் எண்.
எண்பதாவது ஆளருகே ஒன்று உறைத்தது.
கணக்குச் சரி.
நான்தான் எல்லாரும் எல்லா நாளும் வந்ததாக வைத்துப் பெருக்கியிருந்தேன்.
புதன்கிழமை ஐந்து பேர் வரவில்லை.
ஐந்து முப்பத்தெட்டு.

அனுப்பு பொத்தானை அழுத்தினேன்.
பாலத்தின் மேல் முதல் பஸ்.
தூரத்தில் மலை இருக்குமிடத்தில் மேகம்.

ஐந்து பேரும் பிளாக் ஏழு.
ஏன் என்பதற்கு
எங்களிடம் மாறி இல்லை.