நான்கு சொடுக்கு

சாரயேவோவில் எங்கள் தெரு
சுவரில் சாத்திய ஏணி.
மேலே கல்லறைத்தோட்டம், கீழே ஆற்றோரம் ட்ராம்.
நடுப்படியில் என் பழைய கோல்ஃப்,
அதன் பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த ஒரு கல்.

ஏழு வருஷமாக அந்தக் கல்தான் ஹேண்ட்பிரேக்.
முதல் கியரில் போட்டு, கல்லை உதைத்துச் செருகி
"எங்கே ஓடிவிடப் போகிறது?" என்பான் ஃபிக்ரெத்.
போன டிசம்பரில் அவன்தான் போனான்,
ஆஸ்திரியாவுக்கு, இரண்டு பெட்டிகளோடு.
காரை எனக்கு விட்டான். கல்லையும்.

ரொட்டிக்கடை வேன் நிற்கும் சமதளம்
ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலி.
ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் கழற்றி
சுத்தியலால் நாலு பக்கமும் தட்டத் தட்ட
டிரம் மனசில்லாமல் கழன்றது.
உள்ளே கரித்தூள்.
பிரேக் ஷூவில் லைனிங் என்று ஒன்று
இருந்ததற்கான அடையாளம் மட்டும்.

நான் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர்,
பத்தொன்பது வருஷம்.
ஸ்பிரிங் எனக்குப் புதிதல்ல.
குட்டி வட்டக் கண்ணாடியை ஷூவுக்குப் பின்னால் விட்டு
ஆ காட்டு, ஆ காட்டு என்று
கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன்.

கேபிளில்தான் வந்தது வினை.
அதன் உருண்டை முனைக்கும்
நெம்புகோலின் வாய்க்கும்
இரண்டு விரற்கடை தூரம்.
இழுத்தேன். வரவில்லை.
குறடால் இழுத்தேன்.
ஸ்பிரிங் வழுக்கிக் கட்டைவிரல் சதையைக் கவ்வியது.
"இன்னும் பலமா இழு!" மாடியிலிருந்து ருஸ்மிர்,
கையில் காப்பி, காலில் கம்பளிச் செருப்பு.
"புதுக் கேபிள் கட்டை. கடைக்காரன் ஏமாத்திட்டான்."
பழையதை எடுத்துப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன்.
நூல் பிசகாமல் ஒரே நீளம்.

மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்தது.
வெயில் ஒரு வாசல் நகர்ந்தது.
விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது:
கேபிளுக்கு இன்னொரு முனை இருக்கிறது.

முன்சீட்டுகளின் நடுவில் ரப்பர் உறையைத் தூக்கினேன்.
சூரியகாந்தி விதைத்தோல், பச்சை பிடித்த ஒரு மார்க் நாணயம்,
பார்க்கிங் சீட்டு, எந்த ஊரோ, எழுத்தெல்லாம் வெளுத்து.
அதற்கடியில் இரண்டு நட்டுகள்,
மரையின் கடைசிச் சுற்றுவரை முறுக்கி.

அப்படியென்றால் இங்கிருந்தே
டிரம்மைத் திறக்காமலே
பிடி தளரும்போதெல்லாம் ஒரு சுற்று,
அடுத்த குளிருக்கு இன்னொரு சுற்று.
மரை தீர்ந்த அன்று
கல்லைத் தேடிப் போயிருக்கிறான்.

எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன்.
பத்தாம் நம்பர் ஸ்பேனரில்
நட்டு முனகியது, பிறகு இளகியது,
பிறகு விரலாலேயே சுழன்றது.
திரும்பிப் போய் ஸ்பிரிங்கைக் குறடால் பின்தள்ளி
வெளியே வந்த கம்பியைப் பிடித்து மாட்டினால்
டக்.
கிரீடப் பல் சரியாக உட்காரும்போது
வருமே, அந்தச் சத்தம்.
இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது.

இன்னொரு பக்கமும் முடித்தேன்.
பெடலைப் பத்து முறை மிதித்து
நெம்புகோலை ஒவ்வொரு சொடுக்காக ஏற்றினேன்.
இரண்டில் சக்கரம் உரசியது.
மூன்றில் முரண்டு பிடித்தது.
நான்கில், இரண்டு கையாலும் அசையவில்லை.

ஜாக்கியை இறக்கி
கல்லறைத்தோட்டத்து வளைவுக்கு ஓட்டினேன்.
தெருவிலேயே செங்குத்தான இடம்.
நியூட்ரல். நான்கு சொடுக்கு.
காலை எடுத்தேன்.
கார் ஒரு நகக்கண் அளவு பின்னே சாய்ந்து
நின்றது.
பனி உருகிய தண்ணீர் மட்டும்
எங்களைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.
இறங்க அவசரமில்லை எனக்கு.

வீட்டு முன் நிறுத்தி, கல்லை எடுத்து மதில்மேல் வைத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல்
செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்
மறுபடி சக்கரத்துக்கடியில் செருகினேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் கல்லைக் காணோம்.
கார் இருந்த இடத்தில் இருந்தது.
மூன்று வாசல் தள்ளி
ருஸ்மிருடைய ஸ்கோடாவின் பின்சக்கரத்தில்
குடியேறியிருந்தது என் கல்.

"ஸ்பேனர் வேணுமா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டேன்.
காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:
"எங்கே ஓடிவிடப் போகிறது?"